சாத்தூரில் கற்றது சாய்பாசாவுக்கு ஏன் போய்ச் சேரவில்லை?

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாணக்யபுரி, புதுதில்லி

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேர், மாநிலங்களவைக்கு 18 பேர், ஆக 57 பேர் தில்லிக்கு வருகிறீர்கள். கூட்டத்தொடர் நாட்களில் சாணக்யபுரி தமிழ்நாடு இல்லத்தில் உங்களைத் தேடி வருகிறவர்களில் ஒரு சாரார் கையில் ஸ்கேன் உறையோடுதான் வருவார்கள். எய்ம்ஸில் தேதி வேண்டும், சஃப்தர்ஜங்கில் படுக்கை வேண்டும், அதற்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். நீங்களும் எழுதித் தருகிறீர்கள்; அதில் பிழை காண ஒன்றுமில்லை. 2022 அக்டோபரில் எய்ம்ஸ் நிர்வாகம் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சிகிச்சைக்கென்றே தனி நடைமுறை ஒன்றை வகுத்தது, மருத்துவர்கள் கொதித்தார்கள், சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. அந்தச் சச்சரவு முழுவதும் மருத்துவமனைக்குள் யார் முதலில் போவது என்பதைப் பற்றியதாகவே இருந்தது. உள்ளே போன பிறகு நடக்கிற ஒன்றைப் பற்றியது இந்த மடல். வேறு யாராலும் முடியாத, உங்கள் அவையால் மட்டுமே முழுமையாகச் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் கேட்டு எழுதுகிறேன்.

2018 டிசம்பர் தொடக்கத்தில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகை இருந்த கர்ப்பிணி ஒருவருக்கு ரத்தம் ஏற்றினார்கள். ரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்ஐவி இருந்தது. இந்தச் செய்தி வெளிவந்தபோது நாடு முழுவதும் அதிர்ந்தது. ஆனால் அது எப்படி வெளிவந்தது என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒருமுறை கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்திருக்கிறது. அவருக்கு அது சொல்லப்படவில்லை. இரண்டாண்டு கழித்து அவர் மீண்டும் வந்தபோது அந்தப் பழைய பதிவு அவரைத் தடுத்து நிறுத்தவும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. மாத இறுதிக்குள் அந்த இளைஞர் நஞ்சருந்தி இறந்தார். இத்தனை பெரிய அரசு இயந்திரத்தில், நடந்த பிழையைத் தாமாக முன்வந்து தெரிவித்த ஒரே ஆள், சம்பளப் பட்டியலில் இல்லாத அவர்தான்.

பிறகு நடந்தவை வழக்கமானவை. ரத்த வங்கி ஊழியர்கள் மீது நடவடிக்கை, விசாரணைக் குழு, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019-இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒரு பெரிய ஆறுதல். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒரு ரத்த வங்கியில் பதிவான முடிவு, அதே நபர் மறுபடி வரும்போது கண்ணில் படாமல் போனது எப்படி? இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லை. தொற்று 2016-லேயே பிடிபட்டுவிட்டது, பதிவேடுதான் கைவிட்டது. அந்தக் கேள்விக்கான பதிலைக் கண்டுபிடித்து நாட்டிலுள்ள எல்லா ரத்த வங்கிகளுக்கும் கட்டாயமாக அனுப்பிவைக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஏழாண்டு கழித்து, 2025 அக்டோபரில், ஜார்க்கண்டின் சாய்பாசாவில் தலசீமியா நோய்க்காக அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட ஐந்து குழந்தைகளுக்கு எச்ஐவி இருப்பது தெரியவந்தது. அங்கும் உடனே அதிகாரிகள் பணியிடை நீக்கம், அங்கும் நிதியுதவி அறிவிப்பு. சாத்தூரில் யார் தண்டிக்கப்பட்டார்கள் என்பது சாய்பாசாவுக்குச் செய்தித்தாள் வழியாகவே போய்ச் சேர்ந்திருக்கும். சாத்தூரில் எது தவறியது என்பது எந்த வழியாகப் போயிருக்க முடியும்?

நான் சொல்ல வருவது இதுதான்: நம் மருத்துவமனைகளில் பிழை நடந்தால் குற்றவாளியைத் தேட வழி இருக்கிறது, காரணத்தைத் தேட வழி இல்லை. அந்த வழியைச் சட்டமாக அமைக்க வேண்டும். பிழையைத் தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு, விசாரிப்பதற்கு மருத்துவமனைக்கும் சுகாதாரத் துறைக்கும் கட்டுப்படாத ஓர் அமைப்பு, கண்டறிந்ததை நோயாளியின் குடும்பத்துக்குச் சொல்லும் கடமை ஆகிய மூன்றும் சேர்ந்த சட்டம்.

இப்போது இருக்கும் வழி எதைச் செய்கிறது என்று பாருங்கள். 2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முழங்கால் அறுவை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனைக்கு, இறுகப் போட்ட கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுக்க நேர்ந்தது. சில நாட்களில் உயிரும் போனது. இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், வழக்குப் பதிவானது. அவர்கள் தவறு செய்தார்களா என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். அறுவை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு விரல்கள் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டியவர் யார், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை, அன்றிரவு அந்த வார்டில் எத்தனை செவிலியர், வலிக்கிறது என்று சொன்னபோது யாரிடம் போய்ச் சொல்ல முடிந்தது என்ற கேள்விகளைக் குற்றவியல் வழக்கு கேட்காது. கேட்கவும் அதனால் முடியாது. குற்றம் சாட்டப்பட்டவரின் தனிப்பட்ட அலட்சியமே அதன் எல்லை. 2022 மார்ச்சில் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் பிரசவத்துக்குப் பின் ஏற்பட்ட ரத்தப்போக்கில் தாய் ஒருவர் இறந்ததும், காவல் துறை மகப்பேறு மருத்துவர் மீது கொலை வழக்கே பதிந்தது. மறுநாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், தன் தாய்க்குத் தவறான சிகிச்சை அளித்ததாக நம்பிய ஒருவர் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். நோயாளி தரப்பு உண்மையை அறிய நேர்வழி இல்லை, மருத்துவர் தரப்பு உண்மையைச் சொல்ல நேர்வழி இல்லை. இரு தரப்பும் பயந்துகொண்டு நிற்கும் இடத்தில் கேஸ் ஷீட் திருத்தப்படுவதும், கத்தி எடுக்கப்படுவதும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள்.

எவ்வளவு நடக்கிறது என்ற கணக்காவது உண்டா? உலக சுகாதார நிறுவனம் மருத்துவ சேவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு நோயாளிக்குத் தீங்கு நேர்கிறது என்றும், உலகெங்கும் ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் இறக்கிறார்கள் என்றும், அந்தத் தீங்கில் பாதியளவு தடுத்திருக்கக்கூடியது என்றும் மதிப்பிடுகிறது. நம் நாட்டில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மருத்துவ அலட்சியத்தால் நேர்ந்த மரணங்கள் என்று ஆண்டுதோறும் ஓர் எண் வெளியிடுகிறது. 140 கோடி மக்களுக்கு அது சில நூறுக்குள் அடங்கிவிடும். அது காவல் நிலையத்தில் பதிவான வழக்குகளின் எண்ணிக்கை, அவ்வளவே. மருந்தின் பக்கவிளைவைத் தெரிவிக்க 2010 முதல் தேசியத் திட்டம் உண்டு. அதன் தலைமையகம் காசியாபாத். ரத்தம் ஏற்றுவதால் வரும் கேடுகளைத் தெரிவிக்க 2012 முதல் ஒன்று; அது நொய்டா. மருத்துவக் கருவிகளுக்கு 2015 முதல் இன்னொன்று. மருந்துக்கும் ரத்தத்துக்கும் கருவிக்கும் ஆளுக்கொரு பெட்டி இருக்க, மனிதர்கள் செய்யும் பிழைக்குத்தான் பெட்டி இல்லை. பெயர் ஒத்திருந்ததால் ஆள் மாறிப் போவதை எந்தப் படிவத்தில் எழுதுவது? 2018-இல் தில்லி சுஷ்ருதா விபத்து சிகிச்சை மையத்தில் இது நடந்தது. தலைக்காயத்தோடு வந்தவரின் காலில் துளையிட்டார்கள். கால் முறிந்தவர் வேறொருவர், அதே வார்டில் இருந்தவர். அதே 2018-இல்தான் மத்திய சுகாதார அமைச்சகம் 2018 முதல் 2025 வரைக்குமான தேசிய நோயாளிப் பாதுகாப்புச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பாதகச் சம்பவங்களைத் தெரிவித்து அவற்றிலிருந்து கற்கும் அமைப்பு ஒன்றை நிறுவுவது அதன் முதன்மையான நோக்கங்களில் ஒன்று. திட்டக்காலம் முடிந்துவிட்டது. தெரிவிப்பவரைக் காக்கும் சட்டம் பின்னால் இல்லாத ஒரு செயல்திட்டம் நல்ல எண்ணங்களின் தொகுப்பு. அதை நம்பி எந்த ட்யூட்டி டாக்டரும் தன் பிழையை எழுதித் தரமாட்டார்.

சட்டம் எப்படி இருக்கலாம் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் தங்கும் அதே சாணக்யபுரியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய நீராவி எஞ்சின்களைக் காட்டுகிறார்கள். காட்சிக்கு வைக்க முடியாத, ஆனால் ரயில்வேயின் மிக மதிப்புள்ள பழைய ஏற்பாடு ஒன்று உண்டு: ரயில் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. 1941-லேயே அது ரயில்வே வாரியத்திடமிருந்து பிரிக்கப்பட்டது. இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுகிறவரே விபத்தை விசாரித்தால் பழி பாயின்ட்ஸ்மேன் தலையில்தான் விடியும் என்பதை அன்றைய அரசே உணர்ந்திருந்தது. 2023 ஜூன் 2 பாலசோர் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆணையத்தின் அறிக்கை சிக்னல் வயரிங்கில் நேர்ந்த தவறைச் சொன்னதோடு நிற்கவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் இதே போன்ற வயரிங் தவறு நடந்ததையும், அப்போதே திருத்தியிருந்தால் இந்த விபத்து நேர்ந்திராது என்பதையும் எழுதியது. சிபிஐ தன் வேலையைத் தனியாகச் செய்து மூன்று ஊழியர்களைக் கைது செய்தது. இரண்டு விசாரணைகளும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொள்ளவில்லை. ரயில்வே தான் படித்த பாடத்தை எப்போதும் நடைமுறைப்படுத்துகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்; ஆனால் பாங்க்ரா நயாபாஜுக்கும் பாலசோருக்கும் உள்ள தொடர்பை ஓர் அரசு அமைப்பே எழுத்தில் வைத்தது. சாத்தூருக்கும் சாய்பாசாவுக்கும் உள்ள தொடர்பை எழுத யாரும் இல்லை.

மருத்துவத்திலேயே சான்று கேட்பீர்கள். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004 முதல் பேறுகால மரணங்களை மருத்துவர் பெயரும் மருத்துவமனைப் பெயரும் நீக்கிவிட்டு ஆராய்கிறது. தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள் என்று அறிக்கை வெளியிடுகிறது. தமிழ்நாடும் பேறுகால மரணங்களைத் தணிக்கை செய்யும் முன்னோடி மாநிலம். 2001-03 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அதே 2018-20-இல் நாட்டின் சராசரி 97, கேரளம் 19. இந்த இறக்கம் முழுவதும் தணிக்கையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். 108 ஆம்புலன்ஸ், ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்து நான்கு மணி நேரப் பிரசவம், பெண்கல்வி என்று பலவும் சேர்ந்த பலன் அது. ஆனால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தெரிந்ததில் தணிக்கைக்குப் பங்குண்டு. நம் தணிக்கை விளக்கம் கேட்கும் மெமோவாக மாறிவிடுகிறது என்று அரசு மருத்துவர்கள் பலகாலமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். மதுரையில் 2023-இல் மரணத் தணிக்கையை ஒட்டி ஆவணங்கள் திருத்தப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்ததும், மருத்துவர்கள் அதை மறுத்துப் போராடியதும் செய்தியாயின. யார் சொன்னது சரி என்பது இங்கே முக்கியமில்லை. பெயர் நீக்கிய விசாரணையில் இப்படியொரு சண்டைக்கே இடம் குறைவு.

இன்னொரு சான்று தில்லியிலேயே உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை உலகில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று தில்லி புனித ஸ்டீபன் மருத்துவமனை. 19 அம்சங்கள், ஒரே தாள். ஆள் சரியா, அறுவை செய்ய வேண்டிய இடம் சரியா, பஞ்சும் ஊசியும் எண்ணியாயிற்றா என்று உரக்கக் கேட்டுச் சரிபார்ப்பது. 2009-இல் வந்த முடிவுகளில் அந்த எட்டு இடங்களிலும் சேர்த்து மரணம் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 ஆகவும் குறைந்தன. இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 101 மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலை அமல்படுத்தியபோது, 2014-இல் வந்த ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் ஏதும் தெரியவில்லை. தாள் அதே தாள். அறுவை முடிந்த பிறகு மொத்தமாக டிக் அடித்துக் கோப்பில் வைப்பதற்கும், இளம் செவிலியர் ஒருவர் மூத்த சர்ஜனை நிறுத்தி இது இடது காலா என்று கேட்க முடிவதற்கும் இடையே இருக்கும் தூரத்தை உத்தரவு போட்டுக் கடக்க முடியாது. நம் அரசு மருத்துவமனைப் படிநிலையில் அப்படிக் கேட்ட செவிலியருக்கு என்ன பாதுகாப்பு என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

இதற்கு எழும் முதல் மறுப்பு நியாயமானது: தெரிவிப்பவருக்குப் பாதுகாப்பு என்றால் குற்றவாளி தப்பிக்க வழி செய்கிறீர்களே? மருத்துவர் தரப்புக்கு ஏற்கனவே சலுகை இல்லையா? உண்டு. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மீது குற்றவியல் வழக்கு என்றது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் ஐந்தாண்டு வரை என்று வைத்துவிட்டு, பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டு வரை என்றது. உங்கள் அவைகள் இந்த விஷயத்தில் அண்மையில் பேசியது எத்தனை ஆண்டு சிறை என்ற கணக்கை மட்டுமே. நான் கேட்கும் பாதுகாப்பு வேறு. காக்கப்பட வேண்டியது பிழையைத் தெரிவிக்கும் அறிக்கையும், விசாரணை அமைப்பின் முன் சொன்ன வாக்குமூலமும் மட்டுமே, செயல் அல்ல. கேஸ் ஷீட், ஆய்வக முடிவு, கேமராப் பதிவு எல்லாம் இன்று போலவே காவல் துறைக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் கிடைக்கும். மருத்துவ சேவைக்கு 1995 முதல் உள்ள நுகர்வோர் உரிமை அப்படியே இருக்கும். குடித்துவிட்டு அறுவை செய்தவர், ஆவணத்தைத் திருத்தியவர், தெரிந்தே தீங்கு செய்தவர் இந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்கள். இன்று அந்த அறிக்கைகள் எழுதப்படுவதே இல்லை. இல்லாத ஒன்றை நீதிமன்றத்தில் பயன்படுத்த முடியாமல் போவதால் யாருக்கும் இழப்பில்லை. டென்மார்க் 2004 முதல் இத்தகைய சட்டத்தை நடத்துகிறது. குடும்பத்துக்கு உண்மை சொல்லும் கடமையை இங்கிலாந்து 2014-இல் விதியாக்கியது. அந்தக் கடமை இல்லாமல் மருத்துவருக்கு மட்டும் பாதுகாப்பு தரும் மசோதா வந்தால் அதை எதிர்த்து வாக்களியுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

கூட்டமும் ஆள் பற்றாக்குறையும்தான் பிழைக்குக் காரணம், அதைத் தீர்க்காமல் அறிக்கை எதற்கு என்பது இரண்டாவது. காரணம் அதுதான், பெரும்பாலும். ஆனால் ஓர் இரவில் ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்ற உண்மை இன்று சங்கத்தின் கோரிக்கை மனுவில் மட்டுமே இருக்கிறது. இத்தனை சம்பவங்களில் இத்தனை, தனியாள் இரவுப் பணியில் நடந்தவை என்று ஒரு சுதந்திர அமைப்பு எழுதினால், நிதித் துறையால் அதை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது.

மூன்றாவது மறுப்பு உங்களிடமிருந்தே வரும் என்று எதிர்பார்க்கிறேன். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியல். மாநில உரிமைக்காகக் குரல் கொடுக்கும் நாம் தில்லிக்கு இன்னொரு சாவியைக் கொடுப்பதா? எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்த 1997-லேயே சொந்தச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. விசாரணை அமைப்பை மாநிலமே அமைக்கட்டும், மாநிலமே நடத்தட்டும். ஆனால் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் அதிகாரம் சாட்சியச் சட்டத்தைச் சார்ந்தது. அது பொதுப்பட்டியலில் இருக்கிறது. 2023-இல் பாரதிய சாக்ஷிய அதிநியமம் நிறைவேறியபோது இப்படியொரு பிரிவைச் சேர்த்திருக்கலாம். இப்போதும் தனிச்சட்டமாகச் செய்யலாம். மாநிலம் தானே செய்தால் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்று தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே மத்தியச் சட்டம் பாதுகாப்பை மட்டும் தரட்டும், விசாரணையை மாநிலங்கள் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு காரியங்களை உடனே செய்ய முடியும். 2025-உடன் முடிந்த செயல்திட்டத்தின் கீழ் எத்தனை மருத்துவமனைகள் எத்தனை சம்பவங்களைத் தெரிவித்தன, அவற்றிலிருந்து நாடு முழுவதற்கும் போன எச்சரிக்கைகள் எவை, சாத்தூருக்குப் பிறகு ரத்த வங்கிகளின் கொடையாளர் பதிவேட்டில் செய்யப்பட்ட மாற்றம் என்ன என்று சுகாதார அமைச்சரிடம் எழுத்துமூலம் பதில் பெறும் கேள்வியை உங்களில் யாரும் எழுப்பலாம். அடுத்தது தனிநபர் மசோதா. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாட்டுக்கு அதில் பெரிய வேலையில்லை. தனிநபர் மசோதாக்கள் வெள்ளிக்கிழமை மாலையில் பேசி மறக்கப்படுபவை என்ற பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் 2015 ஏப்ரலில் திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த அவையில் அப்படி எதுவும் நிறைவேறியதில்லை. அது மக்களவையைத் தாண்டவில்லை. ஆயினும் அதன் பிறகு அரசு தன் பங்குக்கு ஒரு மசோதாவை எடுத்துவராமல் இருக்க முடியவில்லை. கைக்கொள்ளத்தக்க முன்மாதிரி உங்கள் வரிசையிலேயே இருக்கிறது. வரைவு எழுத மருத்துவர்களும் செவிலியர்களும் நோயாளி உரிமை பேசுகிறவர்களும் வழக்கறிஞர்களும் தமிழ்நாட்டில் போதுமான அளவுக்கு இருக்கிறார்கள். அவர்களை ஒரு மேசையில் உட்கார வைக்கும் அழைப்பு உங்களில் ஒருவரிடமிருந்து வர வேண்டும்.

இப்படிக்கு,
தில்லிவாழ் தமிழ்க் குடிமகன் ஒருவன்